நடுக்கம் நின்றுவிட்டது, நல்லதுதானே?

கோத்தகிரி பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், தேவையானதை மட்டும் தருகிறேன்.

"டாக்டர், எனக்கு 52 வயது. எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சர்க்கரை வந்து 17 வருஷம், இன்சுலின் போட ஆரம்பித்து 8 வருஷம். காலையும் ராத்திரியும் கலப்பு இன்சுலின், கூடவே மெட்ஃபார்மினும் வோக்லிபோஸும் சேர்ந்த மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை. முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், உடனே ஒரு கை சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்வேன். ஒரு வருஷமாக அந்த நடுக்கமே இல்லை. 'உடம்பு பழகிடுச்சு, இனிமே பயமில்லை' என்று பக்கத்து லயனில் இருக்கும் அக்கா சொன்னாங்க, நானும் நம்பிவிட்டேன். போன வாரம் மத்தியானம் இலை எடை போடும்போது 14 கிலோவை 41 என்று எழுதியிருக்கிறேன், 'தப்பா இருக்குக்கா' என்று சொன்ன பொண்ணைக் கண்டபடி திட்டியிருக்கிறேன். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. என் பையிலிருந்த மெஷினில் பார்த்தால் 43. ஆனால் காலையில் வெறும் வயிற்றில் 230, 240 என்று இருக்கிறது. ராத்திரி ஊசியைக் கூட்டலாமா? நடுக்கம் நின்றது நல்லதா, கெட்டதா? இந்தக் குளிரில் நடுங்குவதற்கும் சர்க்கரை இறங்கி நடுங்குவதற்கும் என்ன வித்தியாசம்? ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது என்று மகன் சாவியை எடுத்து வைத்துக்கொண்டான், அது சரியா?"

அக்கா, மற்றதெல்லாம் பிறகு. ராத்திரி ஊசியைக் கூட்டாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன், ஆனால் இன்று ராத்திரிக்குள் இந்த ஒரு வரி உங்களிடம் வந்து சேர்ந்தால் போதும். அப்புறம், 43-ல் போய் நின்று, அடுத்தவர் பார்த்துச் சொல்லித்தான் மீண்டீர்கள் என்றால் அது சாதாரணமாகச் சர்க்கரை இறங்கியது இல்லை, கடுமையான தாழ்சர்க்கரை. அடுத்த மாதம் செக்கப் இருக்கிறது, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைக்காமல் இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். காலை டோஸை அவர் குறைக்க வேண்டியிருக்கும். இப்படி ஒரு சம்பவத்துக்குப் பிறகு பொதுவாக 10 முதல் 20 சதவீதம் வரை குறைப்போம், எவ்வளவு என்பது உங்கள் நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், நான் இங்கிருந்து சொல்லக்கூடாது.

நடுக்கம் நின்றது நல்லதா என்று கேட்டீர்கள். இல்லை. பக்கத்து லயன் அக்கா சொன்னதில் பாதி சரி, உடம்பு பழகிவிட்டது உண்மைதான். எதற்குப் பழகியிருக்கிறது என்பதில்தான் வில்லங்கம். நம் பக்கம் காட்டுமாடு தோட்டத்தில் இறங்கினால் வீட்டு நாய் முதல் நாள் குரைத்துத் தள்ளும். அதே மாடு தினமும் வந்து போனால் பத்தாவது நாள் நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். மாடு சாதுவாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. உங்கள் உடம்பில் குரைப்பதை நிறுத்தியது அட்ரினலின் என்ற ஹார்மோன்.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மீதி எல்லாவற்றையும் நீங்களே யோசித்துக்கொள்வீர்கள். சர்க்கரை 100 என்று மெஷின் காட்டும்போது உடம்பில் ஓடும் மொத்த ரத்தத்திலும் சேர்த்து இருக்கும் சர்க்கரை ஒரு டீஸ்பூன் அளவுதான், சுமார் 5 கிராம். மூளை மட்டுமே மணிக்கு ஏறக்குறைய அதே 5 கிராமைச் சாப்பிடுகிறது, தன்னிடம் சேமிப்பு என்று பெரிதாக எதையும் வைத்துக்கொள்வதும் இல்லை. அதனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்க ஆரம்பித்தால் உடம்பு கை கட்டிக்கொண்டு நிற்காது. சர்க்கரை நோய் இல்லாதவருக்கு 80-ஐ ஒட்டி இறங்கும்போதே கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைத்துவிடும். இன்னும் இறங்கி 65, 70 பக்கம் வந்தால் அதே கணையத்திலிருந்து குளுக்ககான் என்ற ஹார்மோன் கிளம்பி ஈரலுக்குப் போய், அங்கே கிளைகோஜனாகக் கட்டி வைத்திருக்கும் சர்க்கரையை அவிழ்த்து விடச் சொல்லும். ஏறக்குறைய அதே நேரத்தில் சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் வரும். அதுவும் ஈரலைத் தட்டி எழுப்பும், தசைகள் சர்க்கரையை இழுப்பதையும் குறைக்கும். கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் என்று இன்னும் இரண்டு பேர் உண்டு, ஆனால் அவர்கள் மெதுவாக வருகிறவர்கள், சில மணி நேரம் கழித்துத்தான் அவர்கள் வேலை தெரியும். நெருப்பு அணைக்கக் கூப்பிட்டால் மறுநாள் வரும் உறவினர் மாதிரி.

இந்த ஏற்பாடு உங்களிடம் எங்கே உடைந்திருக்கிறது என்று பார்ப்போம். இன்சுலின் குறைய வேண்டும், ஆனால் உங்கள் இன்சுலின் கணையத்திலிருந்து வருவது குறைவு, தோலுக்கு அடியில் ஊசி வழியாகப் போனதுதான் பெரும்பகுதி. போட்டது போட்டதுதான், சர்க்கரை 60 ஆகிவிட்டது, நிறுத்திக்கொள் என்று அதனிடம் யாரும் சொல்ல முடியாது. அடுத்து குளுக்ககான். இதைச் சுரக்கும் ஆல்ஃபா செல்கள் உங்களுக்குச் செத்துப்போகவில்லை, சாப்பாட்டுக்குப் பிறகு தேவையில்லாமலே சுரந்து சர்க்கரையை ஏற்றிவிடும் வேலையைக்கூட அவை செய்யும். ஆனால் சர்க்கரை இறங்கும்போது மட்டும் எழுந்திருப்பதில்லை. காரணம், பக்கத்திலேயே இருக்கும், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அதை நிறுத்துவதுதான் ஆல்ஃபா செல்களுக்கு முக்கியமான சிக்னல். பீட்டா செல்களே ஓய்ந்துபோனால் சிக்னல் யார் கொடுப்பது? டைப் 1 சர்க்கரை நோயில் முதல் சில வருஷங்களிலேயே இது நடந்துவிடும். உங்களைப் போல டைப் 2 இருந்து, கணையத்தின் சொந்த இன்சுலின் தேய்ந்து, பல வருஷமாக ஊசியில் இருப்பவர்களுக்கும் மெல்ல மெல்ல அதே நிலை வரும்.

ஆக, மிச்சம் இருந்தது அட்ரினலின் ஒன்றுதான். அது வெறும் காவல்காரன் இல்லை, உங்களுக்குத் தகவல் சொல்வதும் அதுதான். கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத பயம் எல்லாம் அட்ரினலினும் அதோடு கிளம்பும் நரம்புகளும் செய்கிற கூத்து. வியர்வையும் திடீர்ப் பசியும் அதே நரம்பு மண்டலத்தின் இன்னொரு கிளையிலிருந்து வருபவை. இதில் மோசமான விஷயம் என்னவென்றால், ஒரே ஒரு தடவை சர்க்கரை நன்றாக இறங்கினால்கூட அடுத்த நாள் இறங்கும்போது அட்ரினலின் குறைவாகத்தான் வரும், அதுவும் தாமதமாக, இன்னும் தாழ்ந்த அளவில்தான் வரும். முதலில் 65-ல் நடுங்கியவருக்கு அப்புறம் 55-ல், அதற்கும் அப்புறம் 48-ல். வாரத்துக்கு மூன்று நான்கு முறை இறங்குகிறவருக்கு, நடுக்கம் வருவதற்கு முன்பே மூளை பட்டினியில் தடுமாறத் தொடங்கிவிடும். அந்தத் தடுமாற்றத்தைத்தான் நீங்கள் எடை போடும் இடத்தில் செய்தீர்கள். 14-ஐ 41 ஆக்குவது, சம்பந்தமில்லாத கோபம், நாக்கு குழறுவது, பார்வை மங்குவது, பின்னால் எதுவும் ஞாபகம் இல்லாமல் போவது. இதெல்லாம் மூளைக்குச் சர்க்கரை போதவில்லை என்பதற்கான அறிகுறிகள். பாதிக்கப்பட்டவருக்கே தெரியாத அறிகுறிகள் என்பதால்தான் இவை ஆபத்தானவை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பல வருஷம் முன்னால் மலையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, டிசம்பர் மாதச் சாயங்காலம், சந்தையில் விழுந்து கிடந்தார் என்று ஒருவரைக் கொண்டு வந்தார்கள். வாயில் சாராய வாடை, பேச்சு குழறல், தொட்டவர்களை எல்லாம் தள்ளிவிடுகிறார். குடித்திருக்கிறார், தெளியட்டும் என்று வராந்தாவில் கிடந்த பெஞ்சில் படுக்க வைத்துவிட்டோம். நானும்தான். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் போன நர்ஸ் அம்மா அவர் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்து, "டாக்டர், இந்தக் குளிர்ல இந்த ஆளுக்கு எப்படி இப்படி வேர்க்குது?" என்று கேட்டார். காலர் பிழிந்தால் சொட்டும் போல இருந்தது. சர்க்கரை 32. குடித்தது ஒரு குவாட்டர்கூட இல்லை, ஆனால் மதியம் சாப்பிடவில்லை, மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறார். மது உள்ளே இருக்கும்போது ஈரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதை நிறுத்திவிடும், அதனால் காவலுக்கு ஹார்மோன்கள் வந்து கதவைத் தட்டினாலும் உள்ளே எடுத்துக் கொடுக்கச் சரக்கு இருக்காது. பிழைத்துக்கொண்டார். அந்த வாடையை வைத்து நான் முடிவு கட்டியது இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து குழறலோடு யார் வந்தாலும், என்ன வாடை அடித்தாலும், முதலில் விரலில் ஊசி.

அந்தக் காலரில்தான் உங்கள் குளிர்க் கேள்விக்கும் பதில் இருக்கிறது. குளிரால் வரும் நடுக்கத்தில் தாடை அடித்துக்கொள்ளும், தோள் முதுகு எல்லாம் குலுங்கும், மயிர்க்கூச்செறியும், தோல் வறண்டு இருக்கும். கம்பளியைப் போர்த்தி அடுப்புப் பக்கம் உட்கார்ந்தால் அடங்கிவிடும். சர்க்கரை இறங்கி வரும் நடுக்கம் விரல் நுனியில் சன்னமாக இருக்கும், டம்ளரைப் பிடித்தால் டீ தளும்பும், கூடவே பிடரி, நெற்றி, மேலுதட்டில் சில்லென்று ஈரம். சமவெளியில் இருப்பவர்களுக்கு வியர்வையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, சித்திரை மாதத்தில் எல்லோருக்கும்தான் வியர்க்கும். நமக்கு அந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். மார்கழி ராத்திரியில் ஸ்வெட்டருக்குள் ரவிக்கை நனைந்திருந்தால் மெஷினை எடுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: சர்க்கரை ரொம்பவும் இறங்கினால் குளிருக்கு நடுங்கும் திறனும் போய்விடும், உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே போகும், ஆள் அமைதியாகக் கிடப்பார். எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கும் இடத்தில் நீங்கள் மட்டும் சிவனேயென்று உட்கார்ந்திருந்தால் அதுவே ஒரு அடையாளம்.

உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயரை எழுதவில்லை. அட்டெனோலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனோலால் என்று 'லால்' என முடிகிற மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும், வியர்வையை அமுக்காது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அந்த வகை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சட்டென்று நிறுத்தினால் இதயத்துக்கு அது வேறு தொல்லை.

சரி, காலை 240-க்கு வருவோம். ராத்திரி சர்க்கரை இறங்கினால் ஹார்மோன்கள் கிளம்பி, அதைத் தூக்கி எறிந்து, காலையில் ஏற்றிவிடும் என்று ஒரு விளக்கம் ரொம்ப காலமாகச் சுற்றுகிறது. மைக்கேல் சோமோஜி என்ற விஞ்ஞானி 1930-களில் சொன்னது, அவர் பெயராலேயே அழைக்கிறோம். நாங்கள் படிக்கும்போதும் பரீட்சைக்கு வரும் கேள்வி. ஆனால் ராத்திரி முழுவதும் அளக்கும் சென்சார்கள் வந்த பிறகு பார்த்தால், ராத்திரி இறங்கியவர்களுக்குக் காலையிலும் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கிறது. யோசித்தால் உங்களுக்கே புரியும்: குளுக்ககான் எழுந்திருக்காத, அட்ரினலின் ஓய்ந்துபோன உடம்பு, அதுவும் தூக்கத்தில் அட்ரினலின் இன்னும் மந்தமாக இருக்கும்போது, எப்படி 150 பாயிண்ட் தூக்கி எறியும்? காலையில் ஏறுவதற்கு வேறு காரணங்கள் அதிகம். விடியற்காலை 3, 4 மணியிலிருந்து வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசாலும் தம் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றும், அது எல்லோருக்கும் நடப்பது, போதுமான இன்சுலின் இருப்பவருக்கு வெளியே தெரியாது. அல்லது சாயங்காலம் போட்ட ஊசியின் வீரியம் விடிவதற்குள் தீர்ந்துபோயிருக்கும். அல்லது, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, "ராத்திரி சில நாள் முழிப்பு வந்தால் பயத்தில் பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்துவிடுவேன்" என்று, அது. எனக்குச் சந்தேகம் அந்த பிஸ்கட் மேல்தான்.

எதுவாக இருந்தாலும் 3 மணிக்கு ஒரு தடவை பார்க்காமல் தெரியாது. கலப்பு இன்சுலினில் மெதுவாக வேலை செய்யும் பகுதி ஊசி போட்ட 4 முதல் 8 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். ராத்திரி எட்டுக்குப் போட்டால் நடுராத்திரியிலிருந்து 3, 4 மணி வரை அதுதான் ஆட்டம் போடும் நேரம். அந்த நேரத்தில் 70-க்குக் கீழே போய்க்கொண்டிருக்கும்போது, காலை 240-ஐ மட்டும் பார்த்து டோஸைக் கூட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அலாரம் வைத்து, மூன்று ராத்திரி, 3 மணிக்குப் பாருங்கள். குளிரில் மெஷின் தகராறு செய்யும், 10 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான குளுக்கோமீட்டர்கள் எர்ரர் காட்டும் அல்லது தப்பாகக் காட்டும், அதனால் படுக்கும்போது மெஷினையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் கம்பளிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விரலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரலில் பிஸ்கட் தூளோ டீயின் சர்க்கரையோ ஒட்டியிருந்தால் 60 இருப்பது 160 என்று காட்டிவிடும். இன்சுலினையும் கவனியுங்கள்: உறைபனி கொட்டுகிற நாளில் ஜன்னல் ஓரம் வைத்த மருந்து உறைந்துபோனால், அப்புறம் உருகினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மத்தியானம் ஏன் இறங்குகிறது என்பது கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் உங்கள் நாளைப் படித்தாலே தெரிகிறது. காலை ஏழு மணிக்குத் தொடையில் ஊசி. உடனே வெந்நீர்க் குளியல். அப்புறம் இட்லி, அப்புறம் மேட்டில் ஏறி இறங்கி பத்து பன்னிரண்டு கட்டுக் கொழுந்தைப் பார்த்து வருவது. பன்னிரண்டு மணிக்கு எடை, எடை முடிந்து ஆபீசில் கணக்கு ஒப்படைத்துவிட்டு இரண்டு மணிக்கு மேல் சாப்பாடு. இதில் ஒவ்வொன்றும் சர்க்கரையைக் கீழே இழுக்கிறது. வெந்நீர் பட்டால் தோலில் ரத்த ஓட்டம் கூடி இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும், விறகடுப்பு வெந்நீரை நாம் எவ்வளவு சூடாக ஊற்றிக்கொள்வோம் என்று உங்களுக்கே தெரியும். தொடையில் போட்டுவிட்டு மேடு ஏறினால் வேலை செய்கிற தசைக்கு மேலே இருக்கும் மருந்து இன்னும் வேகமாகப் போகும். மதியம் ஊசியின் உச்ச நேரம், அப்போது வயிறு காலி. குளித்துவிட்டு ஊசி போடுங்கள், தொடைக்குப் பதில் வயிற்றில் போடுங்கள், ஒரே இடத்தில் போட்டுக் கட்டி தட்டியிருந்தால் அந்த இடத்தைத் தவிருங்கள் (கட்டியில் போட்ட மருந்து என்றைக்கு எப்போது வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது), எடை போடப் போவதற்கு முன்னால் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். ஒரு கை சுண்டல், ஒரு வாழைப்பழம், எதுவானாலும். அன்றைக்கு நடை அதிகம் என்றால், கவாத்து நேரத்தில் ஆள் பார்க்க நாள் முழுவதும் மேட்டில் நின்றீர்கள் என்றால், அன்று ராத்திரியும் இறங்கக்கூடும். தசைகள் காலி செய்த சரக்கை நிரப்பிக்கொள்ள 24 மணி நேரம் வரை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். உழைத்த உடம்புக்கு அட்ரினலின் பதிலும் குறைவாகவே வரும் என்பது இதன் மேல் இன்னொரு அடி.

இறங்கினால் என்ன சாப்பிடுவது? இங்கேதான் உங்கள் விஷயத்தில் ஒரு முக்கியமான சிக்கல் இருக்கிறது, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் சாப்பிடுவது வோக்லிபோஸ் கலந்த மாத்திரை. குடலில் வெள்ளைச் சர்க்கரையை உடைத்துக் குளுக்கோஸாக மாற்றும் நொதியைத் தடுப்பதுதான் அதன் வேலையே. அந்த மாத்திரை போட்டிருக்கும்போது வாயில் ஒரு கை சர்க்கரை போட்டால் வயிறு உப்புசம் வரும், ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாது. உங்களுக்கு வேண்டியது குளுக்கோஸ் பவுடர், மருந்துக்கடையில் கிடைப்பது, அதை உடைக்க வேண்டியதே இல்லை. 15 கிராம், அதாவது டீஸ்பூனில் மூன்று, கொஞ்சம் குவியலாகவே எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 54-க்குக் கீழே இருந்தால் நான்கு ஐந்து ஸ்பூனாகவே போடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள், 70 தாண்டவில்லை என்றால் இன்னொரு தடவை. தாண்டிவிட்டால் சாப்பாடு. அந்த 15 நிமிஷம்தான் கஷ்டம், பசி உயிரைப் பிடுங்கும், கையில் கிடைத்ததை எல்லாம் தின்னத் தோன்றும். அங்கே அடக்கினால்தான் அப்புறம் 300-க்குப் போகாமல் இருக்கும். வோக்லிபோஸ், அகார்போஸ் சாப்பிடாதவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை மூன்று ஸ்பூனே போதும்.

பையில் சாக்லேட் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஊட்டி சாக்லேட்டையும் வர்க்கியையும் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டிலும் கொழுப்பு அதிகம், கொழுப்பு வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். மூளை பட்டினி கிடக்கும் நேரத்தில் அந்தத் தாமதம் ஆகாது.

நினைவே இல்லாமல் கிடந்தால், பற்கள் கிட்டிப் போயிருந்தால், வாயில் எதையும் ஊற்றக்கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், பாசத்தில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி அது நுரையீரலுக்குப் போய்விட்ட கதைகள் உண்டு. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். குளுக்ககான் ஊசி என்று ஒன்று இருக்கிறது, உங்கள் ஆல்ஃபா செல்கள் செய்ய மறுக்கும் வேலையை வெளியிலிருந்து செய்வது, பெரியவர்களுக்கு 1 மில்லிகிராம், தசையில் போட வேண்டும். எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். மலையில் ஆம்புலன்ஸ் வந்து சேர ஆகும் நேரத்தை நினைத்தால் உங்கள் வீட்டில் ஒன்று இருப்பது நல்லது என்பேன், மகன் போடக் கற்றுக்கொள்ளட்டும். பட்டினி கிடந்தவருக்கும் குடித்தவருக்கும் மட்டும் அது சரியாக வேலை செய்யாது, ஈரலில் சரக்கு இருந்தால்தானே எடுத்துத் தர முடியும்.

இனி நல்ல செய்தி. போன நடுக்கம் திரும்பி வரும். காட்டுமாடு மூன்று வாரம் எட்டிப் பார்க்கவில்லை என்றால் நான்காவது வாரம் சருகு அசைந்தாலே நாய் குரைக்குமே, அதே மாதிரிதான். சர்க்கரையை 70-க்குக் கீழே ஒரு தடவைகூடப் போகவிடாமல் இரண்டு மூன்று வாரம் காப்பாற்றினாலே அறிகுறிகள் மறுபடி தெரிய ஆரம்பிக்கும், சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். 1990-களின் தொடக்கத்திலேயே இதைச் செய்து பார்த்து நிரூபித்திருக்கிறார்கள். குளுக்ககான் திரும்பாது, அட்ரினலினும் பழைய அளவுக்கு முழுவதும் வராது, ஆனால் நடுக்கமும் வியர்வையும் உங்களுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிடும். உங்களுக்கு அது போதும்.

அதற்கு ஒரு விலை உண்டு. அந்த மூன்று வாரமும் சர்க்கரை கொஞ்சம் மேலேயே இருக்கட்டும், சாப்பாட்டுக்கு முன் 120-லிருந்து 160 வரை இருந்தால் யாரும் உங்களைத் திட்டக்கூடாது, நானும் உங்கள் டாக்டரும் உட்பட. மூன்று மாதச் சராசரி (HbA1c பரிசோதனை) 7 சதவீதத்துக்குக் கீழே வந்தே ஆக வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே கோடு போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1993-ல் வெளியான டிசிசிடி என்ற பெரிய ஆய்வு, சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் தப்பும் என்று காட்டியது. அதே ஆய்வில் அப்படி இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை மூன்று மடங்கு வந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அது டைப் 1 நோயாளிகளிடம் நடந்தது, ஆனால் 17 வருஷ சர்க்கரையோடு மேட்டில் ஏறி இறங்குகிற உங்களுக்கும் பொருந்தும்.

டாக்டரைப் பார்க்கும்போது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் மெதுவானால் இன்சுலின் உடம்பை விட்டு வெளியேறத் தாமதமாகும், அதே டோஸ் அதிக டோஸாகிவிடும். பழைய டோஸிலேயே புதிதாக அடிக்கடி இறங்குகிறது என்றால் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். முடிந்தால் கையில் ஒட்டும் சென்சார் ஒன்று, 14 நாளைக்காவது. கீழே போகும்போது சத்தம் போடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், உங்கள் நாய் எழுந்திருக்கும் வரை இரவல் நாய். செலவு அதிகம்தான், முடியவில்லை என்றால் விரலில் குத்தி ஒரு நாளைக்கு ஐந்து முறை.

ஸ்கூட்டர் விஷயத்தில் நான் உங்கள் மகன் பக்கம். அறிகுறி தெரியாத வரை சாவி அவனிடமே இருக்கட்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற ரோட்டில் மூளை ஒரு வளைவை மறந்தால் போதும். நடுக்கம் திரும்பி வந்து, டாக்டரும் சரி என்ற பிறகு ஓட்டலாம், அப்போதும் கிளம்புவதற்கு முன் பார்த்து 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் திருக வேண்டும், சர்க்கரை இறங்கிச் சரியானாலும் 45 நிமிஷம் கழித்துத்தான் ஓட்ட வேண்டும். மெஷினில் நம்பர் ஏறிய பிறகும் மூளை தெளியக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அப்புறம் அந்தப் பொண்ணு. திட்டு வாங்கியதோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டு உட்கார வைத்து, அன்றைக்குத் திட்டியது நான் இல்லை, என் 43 என்று சொல்லுங்கள். உங்கள் தடுமாற்றத்தை உங்களுக்கு முன்னால் பார்த்தவள் அவள்தான், இந்த மூன்று வாரத்துக்கு அவள் கண் உங்களுக்குத் தேவை. குளுக்கோஸ் பவுடர் பையின் முன் ஜிப்பில் இருக்கிறது, கணக்கு தப்பினாலோ காரணமில்லாமல் நான் கத்தினாலோ எதிர்த்துப் பேசாமல் கலக்கிக் கையில் கொடு, வேண்டாம் என்று சொன்னாலும் கொடு என்று சொல்லி வையுங்கள். கண்டிப்பாக வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள்.